புதன் நாலு மணிக் கனடா

விஜயரத்தினம் அண்ணை பொய் சொல்கிறார் என்று நான் முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன்.

"எங்கை அண்ணை வெளிக்கிட்டாச்சு?"

"படம் பார்க்கப் போறன்" என்றார், சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே.

"என்ன படம்?"

"கனடாப் படம்."

கனடாக்காரன் படம் எடுக்கிறான் என்பதே எனக்குப் புதுச் செய்தி. எடுத்தாலும் எந்த மடையன் அதைப் பார்ப்பான்? அதுவும் 1986 ஒக்டோபரில், ஜெர்மனியில் இருக்கும் ஒரு தமிழன் கனடா என்ற சொல்லைச் சும்மா சொல்வானா? இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் எங்கள் ஆட்கள் நூற்றைம்பது பேருக்கு மேல் இங்கிருந்து கப்பலேறிப் போய், கனடாக் கரைக்கு அப்பால் படகுகளில் மிதந்து கிடந்து, மீனவர்களால் காப்பாற்றப்பட்டிருந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் அகதி விடுதியில் ஒருவனை ஒருவன் பார்க்கும் பார்வையே மாறிப்போயிற்று. அடுத்த கப்பல் எப்போது, யாருக்குத் தெரியும், யார் வாயைத் திறக்கிறான் இல்லை என்பதுதான் எல்லார் மனதிலும்.

எனக்குக் கனடா போயே ஆகவேண்டும். என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்துவிட்டது. மேல்முறையீடு போட்டிருந்தேன். ஆனால் எனக்காகப் பேச வக்கீல் யாரும் இல்லை. தோற்றால் கொழும்புக்கு விமானம். விமான நிலையத்தில் என்னை யார் எதிர்கொள்வார்கள் என்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. இதெல்லாம் தெரிந்தும், ஒரே அறையில் படுத்துக்கொண்டு, இந்த மனிதர் என் காதில் பூச்சுற்றுகிறாரே என்று மனம் கொதித்தது.

அடுத்த புதன் திரும்பி வந்தவரிடம் வாயைக் கிளறிப் பார்த்தேன். "என்ன கதை அண்ணை?"

"ஒரு தபால்காரி. பனிக்காலம் முழுக்க ஒரே ஒரு கடிதத்தைக் கொண்டு திரியிறாள். கடைசியிலை போய்ப் பார்த்தால் அந்த வீட்டிலை ஆளில்லை."

"பிறகு?"

"பிறகென்ன? படம் முடிஞ்சுது." அவர் முகம் அப்படியே மலர்ந்திருந்தது. "தம்பி, நான் யாழ்ப்பாணத்திலை பதினொரு வருசம் தியேட்டரிலை படம் ஓட்டினனான். இப்பிடி ஒண்டு என்ரை கையாலை ஓடினதில்லை. அந்த நாட்டிலையே ஒருத்தரும் பார்க்கேல்லையாம். பாவங்கள்."

பாட்டில்லை, சண்டையில்லை, கதையும் இல்லை. இதைப் பார்த்துவிட்டு ஒரு மனிதன் சிரித்த முகத்தோடு வருவானா? கடிதம், வீடு, ஆளில்லை. இது ஏதோ சங்கேதம் என்று பட்டது.

மூன்றாம் புதன் நான் பின்னால் போனேன். எங்கள் விடுதி இருந்த ஊர் ஒரு மாவட்டம், பக்கத்தில் பீலெஃபெல்ட் வேறு மாவட்டம். அனுமதிக் கடிதம் இல்லாமல் அகதி மாவட்ட எல்லை தாண்டக் கூடாது. அவரிடமும் கடிதம் இல்லை, என்னிடமும் இல்லை. அவர் பஸ்ஸின் முன்பக்கம், நான் தொப்பியை இழுத்துவிட்டுப் பின்பக்கம். பீலெஃபெல்ட்டில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்துக்குள் நுழைந்தார். கதவில் சிவப்பு இலை போட்ட கனடாக் கொடி. ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் உள்ளே போனார்கள். ஒரு கிழவி யன்னல் சீலைகளை இழுத்து மூடினாள். விளக்கு அணைந்தது. நாலு மணிப் பகலில் விளக்கை அணைத்துவிட்டுச் செய்கிற நேர்மையான வேலை என்ன? சுவரில் காதை வைத்தேன். உள்ளே மோட்டார் ஒன்று ஓடும் சத்தம்.

மழையில் நனைந்துகொண்டு திரும்பினேன். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த மனிதர் கப்பல்காரரின் ஆள் என்று.

மிச்சத்தை அவருடைய குறிப்புக் கொப்பி சொன்னது. திங்கட்கிழமை அவர் குளிக்கப் போனபோது மெத்தைக்குக் கீழே இருந்து எடுத்தேன். வெட்கமில்லாமல்தான் எடுத்தேன்.

"8 ஒக்டோபர், புதன் 4 மணி. நியூஃபவுண்ட்லாந்து. 84. ஆட்கள் குறைவு. தவறவிடக் கூடாது."

"15 ஒக்டோபர், புதன் 4 மணி. கியூபெக். 102. நடுவில் கொஞ்சம் தள்ளாட்டம், ஆனால் கரை சேர்ந்துவிட்டது."

இரண்டும் கனடாப் பக்கத்து இடங்கள். எண்பத்து நாலு பேர்! நூற்று இரண்டு பேர்! வாரா வாரம் கப்பல் போகிறது! நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறேன்! கடைசி வரி இதுதான்: "29 ஒக்டோபர். 2 இடம். சொல்லியாச்சு."

இரண்டு இடம். ஒன்று அவருக்கு. மற்றது யாருக்கு? எனக்கென்றால் என்னிடமல்லவா முதலில் சொல்லியிருப்பார்? வேறு எவனுக்கோதான்.

என்னிடம் அப்போது மொத்தம் நாற்பது ஜெர்மன் சொற்கள் இருந்தன. புதன் காலை விடுதிப் பொறுப்பாளனிடம் போய் அதில் நாலைச் செலவழித்தேன். "விஜயரத்தினம். ஹொய்டெ, பீலெஃபெல்ட். கனடா. ஷிஃப்." இன்றைக்கு, பீலெஃபெல்ட், கனடா, கப்பல். அவன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தான். எனக்குக் கிடைக்காதது அவருக்கும் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

பொலிஸ்காரர் அவரைப் பஸ் தரிப்பிடத்திலேயே பிடித்தார்கள். கொப்பியும் போனது. அவரைத் தூரத்து ஊர் ஒன்றில் வேறு முகாமில் போட்டுவிட்டார்கள் என்று வெள்ளிக்கிழமை செய்தி வந்தது.

அடுத்த செவ்வாய் கொறற்றி அக்கா வந்தா. அவ எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கிறவ, பொலிசிலும் அன்றைக்கு அவதான் மொழிபெயர்த்தவ. கையில் ஒரு உறை.

"விஜயரத்தினம் அண்ணை கேட்டிருந்த கடுதாசி இப்பதான் வந்தது. நாளைக்கு பீலெஃபெல்ட் போக, ரெண்டு பேருக்கு. ஒண்டு அவருக்கு. மற்றது உமக்கு."

எனக்கு எதுவும் விளங்கவில்லை.

"அங்கை படம் காட்டுற அம்மாவின்ரை மகள் வக்கீல். காசு வாங்காமல் அகதி வழக்குப் பேசுறவ. இந்த மாசம் புதனுக்குப் புதன் கனடாப் படம் காட்டினவை; நாளைக்குக் கடைசிப் படம், அதுக்கு வாறா. உம்மடை நிராகரிப்புக் கடிதத்தைக் காட்டலாம் எண்டு அண்ணைதான் கேட்டுப் போட்டு, ரெண்டு கதிரையும் சொல்லி வைச்சவர். கடுதாசி கையிலை வாற வரைக்கும் சொல்ல வேண்டாம், பொடியன் வீணாய் நம்பிக்கொண்டிருப்பான் எண்டவர்." அவ உறையை என் கையில் வைத்தா. "ஆரோ அவரைக் கப்பல் ஏஜென்ட் எண்டு சொல்லிப்போட்டாங்கள். சொன்னவனுக்கு ஜெர்மன் சரியாய் வராதாம்."

அவ என் முகத்தைப் பார்த்தாவா, சுவரைப் பார்த்தாவா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

புதன்கிழமை போனேன். அக்காவும் வந்தா. நடுவரிசையில் என் கதிரை, பக்கத்தில் வெறும் கதிரை. கிழவி சீலையை மூடி விளக்கை அணைத்தாள். பின்னால் மோட்டார் ஓடத் தொடங்கியது. அது படக்கருவி. மடியில் இருந்த அச்சடித்த தாளில், படத்தின் பெயருக்குக் கீழே எடுத்த மாகாணமும், எழுபத்தொரு நிமிடம் என்ற நீளமும் இருந்தன. நிமிடம்! எண்பத்து நாலும் நூற்று இரண்டும் நிமிடங்கள்.

மீனைத் தகரத்தில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்று மூடுகிற கடைசி நாள்தான் படம். வேலை முடிந்ததும் ஒரு பெண் தன் மேசையைத் துடைக்கிறாள். அடுத்த நாள் யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் மூலை முடுக்கெல்லாம் விடாமல் துடைக்கிறாள். ஒரு சொல்லும் இல்லை. நான் இருட்டில் அழுதேன். அண்ணை இதைப் பார்த்திருந்தால் கொப்பியில் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்தேன்.

விளக்குப் போட்டதும் வக்கீல் பெண் வந்து என் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். அக்கா சொன்னா: "எடுக்கிறன் எண்டுறா. நீர் இதுவரைக்கும் ஒரு சட்டமும் மீறேல்லை, அது நல்லதாம்."

பிறகு அவள் வெறும் கதிரையைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"அண்ணையைப் பற்றிக் கேக்கிறா. கொப்பியிலை இருக்கிற கணக்கெல்லாம் ஆக்களின்ரை கணக்கு எண்டு பொலிஸ் நினைக்குதாம். கப்பல் எண்டு சொன்ன ஆள் வந்து, நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன் எண்டு சொன்னால் அவரைக் காப்பாற்றலாமாம். ஆரெண்டு தெரியுமோ எண்டு கேக்கிறா."

சொன்னால் பின்னால் போனதையும் சொல்லவேண்டும். கடிதமில்லாமல் எல்லை தாண்டியவன், பொய்த் தகவல் கொடுத்தவன். என் வழக்கு என்ன ஆகும்? தெரியாது என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அக்கா மொழிபெயர்க்கக் காத்திருந்தா.

"அக்கா, நீங்கள் சொல்ல வேண்டாம்" என்றேன்.

நான் என்பதற்கு ஜெர்மனில் 'இஹ்'. அதுவும் என் நாற்பது சொற்களில் ஒன்று. வக்கீல் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னேன்.