அருந்ததி தெரிந்தவர்கள்

ரப்பர் மரங்களின் கித்தாக் காட்டு ஓரத்தில் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு நல்லையா நிமிர்ந்தபோது, மற்ற நாலு பேரும் அண்ணாந்து நின்றிருந்தார்கள். மலாக்காவின் காஜா பெராங்கிலிருந்து மூன்று கூண்டு வண்டிகள் காலையில் கிளம்பியிருந்தன. முதல் வண்டியில் நல்லையாவின் சேலை மூட்டைகளும் அவர் மனைவி பாக்கியலட்சுமியும்; அடுத்ததில் அஞ்சலையின் வளையல் பெட்டிகள்; கடைசியில் தியாகுவின் பித்தளைப் பாத்திரங்களும், அவனுக்குக் கல்யாணமாகி வந்த புதுப்பெண் ஜெயாவும். விடிந்தால் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா. முந்தியெல்லாம் இப்படி வெட்டவெளியில் படுக்க முடியுமா? கம்யூனிஸ்டுக் கலவரம், ஊரடங்கு, இருட்டுவதற்குள் கதவைச் சாத்திக்கொண்ட வருஷங்கள். இப்போது மலாக்காவைக் கலவரம் ஓய்ந்த வெள்ளைப் பகுதி என்று சொல்லியாகிவிட்டது. ஆவணியில் வரப்போகிற சுதந்திரமும் தெருமுனைவரை வந்துவிட்டது. வைகாசி அமாவாசை வானம், இத்தனை நாள் விற்காமல் உள்ளே வைத்திருந்த சரக்கையெல்லாம் ஒரேயடியாகக் கடைபரப்பியிருந்தது.

"கல்யாணத்தன்னிக்கு ஐயரு பந்தல் ஓலையக் காட்டி, அருந்ததி தெரியுதான்னாரு. பட்டப்பகல்ல! நானும் தெரியுதுன்னு தலையாட்டிட்டேன். இன்னிக்குத்தான்லா நெசமா பாக்குறேன்," என்றாள் ஜெயா.

"இப்பவும் தலையத்தான் ஆட்டுற," என்றான் தியாகு.

வடக்கே சப்தரிஷி. அதன் வால் நடுவில் வசிஷ்டர். அவரை ஒட்டிப் பொடியாக அருந்ததி. எல்லோருக்கும் தெரிந்தது. நல்லையாவுக்கு வசிஷ்டரே ஈரத்துணியில் கசிந்த சாயம் மாதிரிப் பரவி நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை.

"தவுக்கே, ஒமக்குத் தெரியுதா?" என்று நல்லையாவை முதலாளியாக்கிக் கேட்டாள் அஞ்சலை. "தெரியாட்டி உசுரு ஆறு மாசந்தானாம். இருப்பீரா, நாங்க வேற கடை பாத்துக்கணுமான்னு தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன்."

"தெரியாம என்ன? ஒன் வளையல்ல இருக்குற கீறலே தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். நல்லையாவும் சிரித்தார். அவருடைய அப்பாவும் ஒரு மாசி மாதம் கொல்லையில் நின்று "எங்கடா அது, எங்கடா?" என்று கேட்டவர்தான். ஆடி தாண்டவில்லை.

கண் கெட்டுவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. மூக்கருகே பிடித்தால் இழை இழையாகச் சேலையைப் பிரித்துச் சொல்லுவார். பட்டில் பருத்தி கலந்தால் சிம்னி விளக்கிலேயே பிடித்துவிடுவார். அவர் வயதில் தெங்கேராத் தெரு வியாபாரிகள் பாதிப்பேர் கண்ணாடிக்குள் போய்விட்டார்கள். அவருக்கு இன்றும் ஊசி கோர்க்க ஆள் வேண்டாம். எதிர்ச்சாரியில் போகிறவர்களைத் தெரியாமல் விட்டுவிடுவது உண்டு. அதற்கு ஊர் 'திமிர்' என்று பேர் வைத்தது. வியாபாரத்துக்கு நல்லதென்று அவரும் மறுக்கவில்லை. இப்பேர்ப்பட்ட கண்ணுக்கு ஒன்று தெரியவில்லை என்றால், கோளாறு கண்ணில் இல்லை. வைகாசிக்கு ஆறாம் மாதம் கார்த்திகை. மகள் கோகிலாவின் கல்யாணம் தையில்.

சாப்பிட்டுவிட்டு மற்றவர்கள் வண்டிக்குள் போனார்கள். அடுப்பருகே பாக்கியலட்சுமி மட்டும் இருந்தாள்.

"என்னங்க, நெசமாவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுன்னேனே."

"வசிஷ்டருக்கு எந்தப் பக்கம்?"

பேரத்தில் யோசித்தவன் தோற்றான். "எடக்கைப் பக்கம். கொஞ்சம் மேல."

அவள் அண்ணாந்து பார்த்தாள். "ஆமாங்க. அங்கதான்."

அந்தக் குரலை நல்லையாவுக்குத் தெரியும். 'சாயம் போகாதும்மா, தைரியமா எடுத்துட்டுப் போங்க' என்று சொல்லுகிற குரல். கடையில் அவளுக்கு அதைப் பழக்கியவரே அவர்தான். அவர் சொன்னது தப்பு என்று தெரிந்தும் மூடி மறைக்கிறாளா? அல்லது அவளுக்கும் தெரியவில்லையா? வாசலில் செருப்பைக் கழற்றுகிற தோரணையிலேயே வாங்குகிறவளா, புரட்டிவிட்டுப் போகிறவளா என்று கண்டுகொள்ளுகிற மனிதருக்கு, கட்டின மனைவியின் ஒரு 'ஆமாங்க' பிடிபடவில்லை.

"ஒனக்குத் தெரியுதுதானே?"

"தெரியாமலா சொல்றேன்?" பதில் சட்டென்று வந்தது, அஞ்சலைக்கு அவர் சொன்ன அதே வேகத்தில்.

விறகைத் தள்ளிவிட்டு, வெகு சாதாரணமாகக் கேட்டார். "கோகிலா கல்யாணத்த ஆவணியிலயே வெச்சிட்டா என்ன?"

அவள் ஏன் என்று கேட்பாள். மெர்டேக்கா, சுதந்திர நேரம், ஊரே கொண்டாட்டமாக இருக்கும் என்று சொல்லவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பாள். அதற்கும் பதில் வைத்திருந்தார். பாசாரில் கொத்தமல்லிக் கட்டுக்குக்கூடப் பேரம் படியாமல் கூடையை வைத்துவிட்டு இரண்டு தடவை நடந்துபோய்த் திரும்பி வருகிறவள் அவள்.

"வெச்சிடலாங்க," என்றாள் பாக்கியலட்சுமி.

அவ்வளவுதான். எழுந்து சேலையை உதறிக்கொண்டு வெளிச்சத்தைத் தாண்டி நடந்தாள். மாடுகளுக்கு அப்பால் அவள் நின்றது வெறும் வெளுப்பாகத்தான் தெரிந்தது; மாடுகளைப் பார்க்கிறவர்போல் கிட்டப் போனார். வெயிலுக்குப் பிடிக்கிற மாதிரி அந்தக் கும்மிருட்டில் நெற்றிக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, வடக்கே எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.