வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. அக்காவின் பட்டறையில், ஆணி டப்பாவின் அடியில், பழைய துணியில் சுற்றிக் கிடந்தது. எடுத்துக்கொண்டேன். கேட்டுவிட்டு எடுத்தேனா என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என்னோடு வரமாட்டீர்கள்.

இடிக்கப்படும் வீடுகளிலிருந்து பித்தளைக் குழாய், கதவுக் குமிழ், ஜன்னல் கொக்கி, தாழ்ப்பாள் என்று எடைக்கு வாங்கிவந்து விளக்கு செய்கிறவள் அக்கா. குழாயைத் திருகினால் எரியும். தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தால் எரியும். (வாங்க வருகிறவர்கள் நாலு தடவையாவது இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். குழந்தைகள் அல்ல, நரைத்த தலைகள்.)

2.

முதல் தொடக்கம்: "தூரத்தில் ஒரு ரயில் ஊளையிட, அவள் தாழ்ப்பாளைக் கையில் எடுத்தாள்."

பட்டறைக்குப் பக்கத்தில் ரயில் கிடையாது. சைக்கிள் கடைதான் இருக்கிறது. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளியதில், என் கதைகளில் யாராவது வருத்தப்பட்டால் உடனே ஒரு ரயில் வந்துவிடுகிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "அவளுடைய வாழ்க்கையும் அந்தத் தாழ்ப்பாளைப் போலவே துருப்" வேண்டாம். பித்தளை துருப்பிடிக்காது.

மூன்றாவது, நடந்தது: ஒரு விடுதிக்காரர் அறைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தாழ்ப்பாள் விளக்குகள் கேட்டிருந்தார். எல்லாமே உருண்டைக் குமிழ் வைத்த ஒரே பழைய மாதிரி. பதினொன்று முடிந்துவிட்டது. பன்னிரண்டாவதற்குத் தாழ்ப்பாள் அகப்படவில்லை. நான் தேடித் தருகிறேன் என்று டப்பாவைக் கிளறினேன்.

"அக்கா, இதோ இருக்கே! அச்சு அசலா அதே மாதிரி."

"அத வை."

"நல்லாத்தானே இருக்கு?"

"வைடா. அது வெளிப்பக்கம் இருந்தது."

எனக்கு விளங்கவில்லை. அவள் ஹோல்டருக்குள் வயரை நுழைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"எங்க ரூம் கதவுல. அவரு வேலைக்குப் போறப்ப போட்டுட்டுப் போவாரு. சாயங்காலம் வந்து திறப்பாரு."

அவர் என்றால், மூன்று வருடங்களுக்கு முன் அவள் விட்டுவிட்டு வந்த கணவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எல்லோரும் அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கிறோம். அந்தக் கதவைத் தாண்டித்தான் கை கழுவப் போவோம். நான் எப்படி அதை

"கிளம்புன அன்னைக்கு நாலு திருகாணியையும் கழட்டி, இத எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள்.

"அவரு புதுசு வாங்கியிருப்பாரேக்கா."

"வாங்கட்டும். இது கிடையாது அவருக்கு."

3.

இந்த இடத்தில் அக்கா அந்தத் தாழ்ப்பாளைப் பன்னிரண்டாவது விளக்காக்கிவிட்டதாக எழுதினேன். துளையிட்டாள், இழுத்தாள், அறையெங்கும் வெளிச்சம். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

(தொழில் சம்பந்தமாக ஒன்று. எதை விளக்காக்கினாலும், வயர் போக ஓட்டை போட்டாக வேண்டும். ஓட்டை விழுந்த குழாய் பிறகு குழாயாகாது. அதனால் அக்கா முதலில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவாள். "மனசு மாறணும்னா அதுக்குள்ள மாறிடும்" என்பாள்.)

4.

கேட்கவில்லை. எழுதிய தாள்களை மேசைமேல் விட்டுவிட்டு சைக்கிள் கடைவரை போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் கையில் இருந்தன. ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல்.

"ஹோல்டர மாட்டிட்டு அப்புறம் ஓட்டை போடறாளாம். யாருடா அந்த அறிவாளி?"

"திருத்திடறேன்."

"என்ன இது, பேச்சுக்குப் பேச்சு ப்ராக்கெட்டு? ரெண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டு வச்சிருக்க."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இத நான் விளக்காக்கிட்டேன்னு எழுதியிருக்க."

"கதைதானேக்கா. படிக்கிறவங்களுக்கு ஒரு ஆறுதல்..."

"அவங்களுக்கு என்னடா ஆச்சு, ஆறுதல் சொல்ல?"

துணியைப் பிரித்தாள். தாழ்ப்பாளை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினாள். நடுவில் பென்சில் புள்ளி வைத்தாள். ட்ரில்லை என் கையில் திணித்தாள்.

"நீ எழுதுனதுதானே? போடு."

5.

சாத்தியமான முடிவுகள்:

அ) போட்டேன். பன்னிரண்டு விளக்குகளும் எரிந்தன.

ஆ) ட்ரில் கை நழுவி விழுந்தது. இருவரும் அழுதோம். தூரத்தில் ஒரு ரயில்

இரண்டையும் அக்கா அடித்துவிட்டாள். நான் போடவில்லை, அவ்வளவுதான். கை நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் வெட்கமாக இருந்தது. டீ குடிக்கவும் போகாமல் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவள்தான் கட்டைவிரலால் அதை அழித்தாள்.

மறுநாள் விடுதிக்காரர் வந்தார். எண்ணிப் பார்த்தார்.

"பதினொன்னுதான் இருக்கும்மா?"

"பன்னிரண்டாவது ரூம்ல இருந்தவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு வச்சுக்கங்க."

அவர் அதை வியாபாரப் பேச்சென்று நினைத்துச் சிரித்தார். அவர் போன பிறகு கேட்டேன்.

"கதையக் கிழிச்சிடவா?"

மேசைமேல் கிடந்த பித்தளைத் தூளை ஊதித் தள்ளினாள்.

"கிழிக்க வேணாம். ஆனா என்னைய உள்ள வச்சு மூடாத."

6.

அதற்குப் பிறகு இதை முடிக்கத் தெரியாமல் அலைகிறேன். எந்தக் கடைசி வாக்கியத்தை எழுதினாலும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. அவள் கிண்டல் செய்த குறியைப் பள்ளியில் அடைப்புக்குறி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அடைப்பதற்கென்றே ஒரு குறி. அப்போது உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெளிப்பக்கம் இருந்தேன், வயிறு நிறைந்து. இப்போது வெளிப்பக்கம் இருப்பது நீங்கள். கீழே ஒரு குறியைத் திறந்து வைத்திருக்கிறேன். மூடுவதும் விடுவதும் உங்கள் கை.

(பட்டறையில் யாரும் இல்லை. ஒரு பழைய குழாயில் பென்சில் புள்ளி இருக்கிறது. அக்கா டீ குடிக்க வெளியே போயிருக்கிறாள், கதவு