கல்லூடுகளைக் காட்டும் முறை

1

அந்த ஊரில் கல்லூடுகளை நோக்கி யாரும் விரல் நீட்டுவதில்லை.

இப்படியொரு விதி இருப்பதாக எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மூன்று பக்கமும் பலகைக்கல் நட்டு, மேலே ஒரு கல்லை மூடி வைத்த அந்தத் தொல்பழங்கால அமைப்புகளை ஆய்வாளர்கள் கல்திட்டைகள் என்பார்கள். மாரமங்கலத்துக்கு மேலேயுள்ள அந்தச் சிற்றூராருக்கு அவை கல்லூடுகள். குள்ள மனிதர்கள் குடியிருந்த, சிலர் கணக்கில் இன்னும் குடியிருக்கிற, வீடுகள். எங்கே என்று கேட்டால் தாடையை உயர்த்துவார்கள். மிகவும் வற்புறுத்தினால் முழங்கையை மடக்கிக் காட்டுவார்கள். கைக்குழந்தை விரல் நீட்டினாலும் தாய் அதைப் பிடித்துத் தன் வாயில் வைத்துக்கொள்வாள்.

இக்கதை பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் ‘பாரம்பரிய நடை’ தொடங்கியவர்கள் என்னிடம் ஒரு துண்டறிக்கை கேட்டார்கள். விமர்சனம் படித்தவனிடம் துண்டறிக்கை கேட்டால் கதை வரும். கதை கேட்டால் முன்னுரை வரும். அவர்கள் இரண்டாவதைக் கேட்காதது நல்லூழ்.

2

முதல் தொடக்கம்: பனிப்போர்வை போர்த்திய சேர்வராயன் மலையின் மடியில், காலத்தின் மௌன சாட்சிகளாய்—

(நிறுத்திவிட்டேன். காலத்துக்கு இதுவரை நிறுத்தப்பட்ட சாட்சிகளே போதும்.)

இரண்டாம் தொடக்கம்: கௌரி அழுதாள், ஏனெனில்—

(அவள் அழவில்லை. அழவைத்தால் கதை விரைந்து நகருமே என்ற சபலம் என்னுடையது.)

மூன்றாம் தொடக்கம்: கௌரிக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

இது நிற்கும். காப்பியும் மிளகும் பயிரிடும் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள் கௌரி. பாரம்பரிய நடைக்கு வழிகாட்டியாக அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தான் பேச, பத்துப்பேர் குறுக்கே பேசாமல் கேட்கும் வேலை அது. மாமியார் காளியாயியோடு ஒரே சமையலறையில் புழங்கியவர்களுக்கு மட்டுமே அதன் அருமை தெரியும்.

விரலில்லாமல் வழிகாட்டும் ஒரு முறையையும் அவள் வகுத்துக்கொண்டாள்.

“எல்லாரும் அந்தப் பலாமரத்தப் பாருங்க. பாத்தாச்சுங்களா? இப்பக் கழுத்த மட்டும் எடக்கைப் பக்கம் திருப்புங்க. இன்னுங் கொஞ்சம். அட, அவ்வளவு வேண்டாமுங்க! அங்க எங்கூட்டு எருமைதான் இருக்குது.”

3

சேலத்திலிருந்து வழிகாட்டிப் பலகை வந்தது. ‘தொன்மைச் சின்னம்’ என்ற எழுத்துக்குக் கீழே பெரிய சிவப்பு அம்புக்குறி. நட்ட மறுநாளே காளியாயி அரிவாளால் அம்பை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டாள்.

“ஏனுங்கத்தே, அது அம்புதானுங்க. வெரலில்லீங்களே.”

“நகமில்லாத வெரலு. போ, அடுப்பப் பாரு கண்ணு.”

அம்பிழந்த பலகை, பஞ்சாயத்துக் கழிப்பறையின் முன் தனியே நின்றது. அடுத்த வாரம் வந்த தம்பதியர் கழிப்பறையைச் சுற்றிவந்து படமெடுத்துக்கொண்டார்கள். “இத்தனை வருஷமாகியும் எவ்வளவு நல்லா பராமரிக்கறாங்க பாரு,” என்று கணவர் வியந்தார்.*

* விமர்சன வகுப்பின் முதற்பாடம்: சொல்லாதே, காட்டு. இவ்வூரின் பாடம்: காட்டாதே, வேண்டுமானால் சொல். இவ்விரு மரபுகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதலாம். வாசகர் அஞ்சவேண்டாம்.

4

காளியாயி மீது எனக்கு ஐயம் இருந்தது. மாமியார், அரிவாள், பழைய வழக்கம்: மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் பாத்திரம் தட்டையாகிவிடும். முதல் வரைவில் அவளை வில்லியாக்கியிருந்தேன். வரைவைத் திருத்துமுன் நேரில் போய், ஏன் விரல் நீட்டக்கூடாது என்று கேட்டேன்.

“ஏஞ்சாமி, உங்கூட்டு வாசல்ல நாலு பேரு நின்னுக்கிட்டு, வெரல நீட்டி நீட்டிப் பேசுனா, நீ உள்ள உக்காந்து சோறு உங்குவியா?”

மாட்டேன் என்றேன்.

“அப்பறமென்ன கேள்வி? நொம்பப் படிச்சவீக இதுக்கெல்லாம் பஸ் ஏறி வரோணுமா?”

வரைவில் ‘நம்பிக்கை’ என்று நானெழுதியிருந்த இடங்களிலெல்லாம் அடித்துவிட்டு ‘மரியாதை’ என்று எழுதினேன். காளியாயி தானாகவே நிமிர்ந்துகொண்டாள்.

5

நடை வெற்றிபெற்றது, இடர் அதிலிருந்துதான் வந்தது. கூட்டம் கூடவே, வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்றார்கள். கல்லூடுகள் இருக்கும் மேட்டைத் தவிர வேறு சமதளம் இல்லை. பார்க்க வருவோரின் வண்டிகளை நிறுத்துவதற்காகப் பார்க்கவேண்டியதை இடிப்பது, வளர்ச்சித் திட்டங்களில் நேரக்கூடியதுதான்.

பணிக்குப் பொறுப்பான பொறியாளர் சுதாராணி நல்லவர். “எது கல்லூடு, எது சும்மா கல்லுக்குவியல்னு காட்டுங்க. சுத்திச் சுண்ணாம்பு போட்டுடறேன். கோட்டுக்குள்ள வண்டி வராது,” என்றார்.

நிலந்திருத்தியவர்கள் குவித்த கற்களும் கல்லூடுகளும் அங்கே ஒரே உண்ணிச்செடிப் புதரில் மூடிக்கிடந்தன. பழகிய கண்ணுக்குத்தான் வேறுபாடு தெரியும். பக்கத்தில் போய்த் தொட்டுக் காட்டுவதோ விரல் நீட்டுவதைவிட மோசம். கல்லூடு போனால் நடை போகும். நடை போனால், கௌரி மறுபடியும் பிறர் பேசக் கேட்டிருக்கிறவள். அவள் தன் முறையைத் தொடங்கினாள்.

“அந்த ஒத்த சில்வர் ஓக் மரத்தப் பாருங்க மேடம். அதுக்கு இந்தாண்ட ரெண்டு குவியல் இருக்குதுங்களா? பெருசு இல்லீங்க, அடுத்தது...”

“எந்தாண்டங்க?”

காளியாயி உதவிக்கு வந்து தாடையை உயர்த்தினாள். சுதாராணி அவளைக் கவலையோடு பார்த்தார். “ஏம்மா, கழுத்து வலிங்களா?”

“எனக்குப் புரிஞ்சிருச்சு மேடம், பெருசத்தான விட்டுவைக்கணும்,” என்றான் ஜேசிபி ஓட்டுநர் மணி. யாரும் மறுக்குமுன் வண்டியைக் கிளப்பி, நடுவிலிருந்த பள்ளத்தைக் கடந்து, கல்லூடான அந்தச் சிறியதன் எதிரே போய் நிறுத்தி, வாளியை உயர்த்தினான். எஞ்சின் இரைச்சலில் கௌரியின் கூச்சல் அவளுக்கே கேட்கவில்லை. ஊரார் பள்ளத்தின் இக்கரையில் நின்று ஒருசேரத் தாடையை உயர்த்தினார்கள். ஊரே மழைக்குறி பார்ப்பதாக எண்ணி, மணியும் வானத்தைப் பார்த்தான்.

6

இங்கே மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

(அ) யாரும் விரல் நீட்டவில்லை, வாளி இறங்குகிறது. [தொகுப்புகளில் சேர்ப்பார்கள். கௌரிக்கு வேலை போகும்.]

(ஆ) வண்டி தானாக நின்றுவிடுகிறது. புதரில் ஒரு சிறு சிரிப்பொலி. [எனக்குப் பிடித்தது. ஆனால் காலையில்தான் டீசல் நிரப்பியிருந்தார்கள்.]

(இ) கௌரி மரபை உடைத்தெறிகிறாள், கருத்தரங்கம் கைதட்டுகிறது. [அவள் உடைக்க வந்தவளல்ல. உடையாமல் காக்க வந்தவள்.]

ஆகவே வாசகரே, முடிவு உங்களுடையது. கல்லூடு மேட்டின் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஊரில் நானும் சோறு உண்டிருக்கிறேன். நீங்கள் நிதானமாகத் தேர்ந்தெடுக்கும்வரை—

(இவ்வாக்கியம் முடிவதற்குள் மணி வானத்திலிருந்து கண்ணை எடுத்து லிவரைப் பிடித்துவிட்டான். கௌரி நமக்காகக் காத்திருக்கவில்லை.)

அவள் பள்ளத்தின் விளிம்புக்கு ஓடினாள். வலக்கையை உயர்த்தினாள். முழங்கை மடங்கவில்லை, ஆட்காட்டி விரல் கல்லூட்டை நோக்கி நேராக நீண்டது.

“ஏ கௌரி, கை! கைய மடக்கு கண்ணு!” பின்னாலேயே ஓடிவந்த காளியாயி அவள் காதருகே கத்தினாள்.

“கோவிச்சுக்கிட்டா நான் போயி மன்னாப்புக் கேட்டுக்கறனுங்கத்தே!” கௌரியும் திரும்பாமலே கத்தினாள். “ஊடு இருந்தாத்தானுங்களே கோவிக்கறதுக்கு ஆளிருக்கும்?”

மணி அவளைப் பார்த்தான்; லிவரில் அவன் கை நின்றது. பிறகு, மணிக்கு ஒரு விரல் போதாதோ என்று, அவள் இடக்கையையும் அதே பக்கம் நீட்டினாள்.