அத்தானின் சீட்டாட்டம்

அக்காவின் போட்டோ ஸ்டுடியோவில், வரவேற்பறைக் கணினிக்குள் ஒரு திருட்டு நிரல் புகுந்துவிட்டது. எங்கிருந்தோ ஒருத்தன் அதன் வழியாகத் திரையைப் பார்க்கலாம், கோப்புகளை அள்ளலாம். வேலை முடிந்ததும் தடயத்தையும் அழித்துவிடுகிற ரகம். ஆல்பம் செய்யும் கணினிக்கும் போய்வந்திருந்தால்? பிறந்த குழந்தைகளின் படமெல்லாம் அதில்தான் இருக்கிறது. நம்பிக் கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அக்கா என் ஆய்வகத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரி நிரல்களைப் பிரித்து மேய்வதுதான் என் பிழைப்பு. வெளித்தொடர்பு இல்லாத சோதனைக் கணினியில் அதை ஓடவிட்டேன். எந்த இணைய முகவரியைக் கூப்பிடுகிறது என்று தெரிந்தால் போதும், எந்தக் கணினி எங்கே பேசியது என்று ஸ்டுடியோவின் ரூட்டர் குறித்துவைக்கும் பதிவில் தேடிவிடலாம். அந்தக் கடன்கார நிரல் வாயே திறக்கவில்லை. கல்லுளிமங்கன்!

துருவிப் பார்த்ததில் சங்கதி புரிந்தது. கணினியை மனுஷர் யாராவது புழங்குகிறார்களா என்று அது வேவு பார்க்கிறது. நானே மவுஸை நகர்த்தினேன். நேராகப் போய் நேராக வந்ததால் என்னை மனுஷியாகவே அது மதிக்கவில்லை. எரிச்சலாக வந்தது.

அக்காவை அழைத்துப்போக அத்தான் வந்தார். பிடித்துச் சோதனைக் கணினி முன்னால் உட்காரவைத்தேன்.

"உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்னு நினைச்சுக்கோங்க அத்தான்."

"அப்போ சீட்டு விளையாடலாமா?"

"இவருக்கு அது ஒண்ணுதான் தெரியும்," என்றாள் அக்கா.

விளையாடினார், தோற்றார். பாதிக் கடிதம் அடித்தார், அதை மூடாமலே இன்னொன்றைத் திறந்தார். மவுஸைத் திரையெங்கும் மேயவிட்டார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திடீரென்று என் திரையில் ஒரு வரி எழுந்தது, பிறகு சரசரவென்று பல. மனுஷர்தான் என்று நம்பி நிரல் முழித்துக்கொண்டு எஜமானனைக் கூப்பிடுகிறது!

"நிறுத்தாதீங்க அத்தான்!"

"ஜெயிக்கப் போறேன், யாரு நிறுத்துவா?"

அந்த வரிகளில் இருந்த முகவரியை ஸ்டுடியோவின் பதிவில் தேடினேன். வரவேற்பறைக் கணினி அதோடு பேசிய தடங்கள் வரிசையாக வந்தன. அதில் விலைப்பட்டியலைத் தவிர ஒன்றும் கிடையாது. அடுத்து ஆல்பம் கணினி. ஒன்றும் வரவில்லை. மறுபடி தேடினேன். ஒன்றுமே இல்லை.

"அக்கா, ஒரு படம்கூட வெளியே போகல."

"நெஜமாவாடி?"

"சத்தியமா."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் கண்ணைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள்.

"உங்க பாப்பா படம் ரெடிம்மா, எப்போ வரீங்க? கொட்டாவி விடுறப்போ ஒண்ணு எடுத்தேன் பாருங்க, அவ்ளோ அழகு!"