கேதாரனின் மூன்றாம் பாகம்

பரசுராமனுக்கு முதலில் சந்தேகம் தட்டியது ஒரு சிரிப்பில்தான். மதியம் சாப்பாட்டுக்கு வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளே கல்பனா சிரித்தாள். டிவி ஓடவில்லை. அவளுடைய போன் ஜன்னலோரம் சார்ஜரில் கிடந்தது. யாருமில்லாத அறையில் ஒரு பெண் அப்படிச் சிரித்தால், அது தனக்குத் தெரியாத எவனோ ஒருவன் சொன்ன பேச்சுக்காகத்தான் இருக்க வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. ஊகம் சரிதான். அவன் பெயர் கேதாரன்.

கேதாரன் ஒரு தெலுங்கு நாவலில் இருந்தான். மூன்று பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம். கடல் வற்றி உப்பாய் உறைந்துபோன ஒரு நாட்டில், அந்த உப்பின்மேல் கப்பல் ஓட்டுகிறவன் அவன். ஒவ்வொரு பயணத்துக்கும் விலையாக அவனுடைய நினைவு ஒன்று போய்விடும். அம்மாவின் முகம் போயிற்று, பிறந்த ஊர் போயிற்று. படைத்தலைவி அஞ்சனியின் பெயரை மட்டும் விடாமல் பிடித்து வைத்திருந்தான். பிள்ளைகளுக்கான மாயாஜாலக் கதை அல்ல அது. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க வேண்டிய பக்கங்களும் அதில் இருந்தன.

திருப்பதியில் இருக்கும் அனுராதா, கல்பனாவின் கல்லூரித் தோழி, ஒவ்வொரு பாகமாக பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவாள். திருத்தணி பஸ் ஸ்டாண்டை ஒட்டி மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருந்த பரசுராமன்தான் வாங்கி வந்து மனைவியிடம் சேர்ப்பான். தன் கையாலேயே கொடுத்தோமே என்று நினைக்கும்போதுதான் அவனுக்கு வயிறு எரியும்.

கல்பனா அவனுடைய தாய்மாமன் மகள்; அத்தான் என்பதைத் தெலுங்கில் 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். நகரியில் பிறந்து தெலுங்கில் படித்தவள். கல்யாணமாகி மூன்றாம் வருடம் நடந்துகொண்டிருந்தது. பரசுராமன் வீட்டிலும் பாதிப் பேச்சு தெலுங்குதான், ஆனால் பள்ளிக்கூடம் தமிழ். தெலுங்கில் சண்டை போடுவான், படம் பார்ப்பான், பேரம் பேசுவான். எழுத்தைக் காட்டினால் பஸ் போர்டைத் தாண்டி ஒரு வரி ஓடாது. கட்டில்மேல் எந்நேரமும் திறந்தே கிடந்த புத்தகம் அவனுக்கு மட்டும் மூடியிருந்தது.

ஆரம்பத்தில் அவளாகத்தான் கதை சொல்ல வந்தாள்.

"உப்பு மேல கப்பல் போவுமா? டயர் போட்டுகினு போவுதா?" என்று கேட்டான் பரசுராமன்.

அதோடு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். திரும்பக் கேட்க அவனுக்கும் வாய் வரவில்லை.

வீட்டில் தைக்க வந்த ரவிக்கைகள் ஹூக் வைக்காமல் மிஷின்மேல் குவிந்தன. சாம்பாரில் ஒருநாள் உப்பில்லை, மறுநாள் இரண்டு பங்கு. பக்கத்தைப் புரட்டும்போது அவள் விரல் நுனி ஓரத்தில் ஒரு கணம் நின்று தடவிவிட்டுப் போவதை அவன் பார்த்தான். அடையாளத்துக்கு வைத்திருந்தது அவர்கள் கல்யாணப் பத்திரிகை. அதுவும் சரியாக அவன் பெயர் மடிப்பில் பாதியாக உடைந்திருந்தது.

"பாவா, நீ எப்பவாச்சும் எனக்காக எதையாவது மறந்திருக்கியா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"போன வாரம் கேஸ் புக் பண்ண மறந்தேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினாள். இந்தப் பதிலைக் கேதாரன் எப்படிச் சொல்லியிருப்பான் என்று அவள் யோசிப்பதாக அவனுக்குத் தோன்றியது. அன்று மாலை கண்ணாடியில் தன் தொப்பையை வேறு பார்த்துத் தொலைத்தான்.

இரண்டாம் பாகம் முடிந்த அன்று கல்பனா அழுதாள். அஞ்சனியை உப்புக் கிணற்றில் தள்ளிவிட்டார்களாம். மறுநாளே மூன்றாம் பாகம் பஸ்ஸில் வந்து இறங்கியது. பரசுராமன் பார்சலை வாங்கி, பழைய மிக்ஸி மோட்டார்கள் போட்டிருந்த அட்டைப்பெட்டியின் அடியில் செருகினான். பெரிய திட்டமெல்லாம் இல்லை. ஒரு வாரம் அவள் தன் பக்கம் திரும்பட்டும் என்று நினைத்தான்.

"வந்துச்சா பாவா? அனு அனுப்பிட்டேன்னு சொல்றா."

"வரலயே. கண்டக்டரு மாறிட்டாரு போல. விசாரிக்கிறேன்."

அவள் திரும்பவில்லை. மிஷின்முன் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்காமல் சுவரைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தபோதைவிடக் காணாமல் போன கேதாரன் இன்னும் பெரிய ஆளாகிவிட்டான். அவனிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரியாமல் பரசுராமனுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கடை வீரபத்திரனுடையது. பூஜைச் சாமான் வியாபாரம், சொந்த ஊர் புத்தூர், தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. வெயில் ஏறி மலைக்குப் போகிறவர்கள் குறைந்ததும் பரசுராமன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான்.

"ணா, கொஞ்சம் படிச்சுக் காட்டு."

"இன்னாடா இது, அம்மிக்கல்லாட்டம்?"

"ஒரு ஆளப்பத்தி விசாரிக்கணும்."

முன்கதைச் சுருக்கம் நான்கு பக்கம் இருந்தது. வீரபத்திரன் சலிப்போடுதான் தொடங்கினார். மூன்றாம் நாள் கற்பூரம் கேட்டு வந்தவரை, "இருங்க, கப்பல் உடையப் போவுது," என்று நிற்க வைத்தார். பரசுராமன் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டான். கேதாரனில் ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தான். ஆனால் உப்புக் காற்றில் அஞ்சனியின் பெயரைத் தவிர வேறெதுவும் நினைவில்லாமல் கேதாரன் நின்ற இடத்தில், பரசுராமன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டான். வெறுக்க வந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று இன்னும் கோபம் வந்தது.

சில இடங்களில் வீரபத்திரன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினார்.

"இன்னா ணா, தாண்டுற?"

"வெறும் மல, காடு, நிலா. கதைக்கு வேணாம் வுடு."

வீட்டில் கல்பனா இளைத்துக்கொண்டே வந்தாள். ஒரு சாயங்காலம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள், வெங்காயத்துக்குச் சம்பந்தமில்லாமல் அழுதாள்.

"பாவம் பாவா அவ. கிணத்துல கிடந்து செத்தாளே, ஒரு கை மண்ணு போடக்கூட ஆளில்ல."

பரசுராமனுக்குத் தாங்கவில்லை.

"அழாத. அவ சாவல. கிணத்துக்கு அடியில பாதை கீது, அதுல..."

கத்தி நின்றது. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். அட்டைப்பெட்டி வாசனையோடு புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். யார் படித்தது, எப்படி என்று எல்லாம் சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அட்டையைத் துடைத்தாள்.

"ஒளிச்சு வச்சதைக்கூட மன்னிச்சிருவேன் பாவா. எனக்கு முன்னாடி போய்ப் பார்த்துட்டு வந்துட்டியே. அதுவும் வீரபத்திரன் அண்ணாவோட."

அந்தக் கடைசிச் சொல்லில் இருந்தது என்ன என்று அவனுக்கு உடனே தெரிந்தது. இத்தனை மாதமாகத் தன் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த அதே சரக்குதான்.

அவள் படித்தாள். அவன் ஃபேனைத் துடைக்கிற சாக்கில், தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவள் முகத்தைப் பார்த்தபடி சுற்றினான். இப்போது கிணற்றடிப் பாதை, இப்போது கப்பல் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது. பிறகு ஒரு இடத்தில் அவள் சிரித்தாள், அதே பழைய சிரிப்பு. கன்னம் லேசாகச் சிவந்திருந்தது.

"இந்த இடத்துல இன்னா இருக்குது? அண்ணன் காடு, நிலான்னாரே."

"நிலா இருந்துச்சு," என்றாள் கல்பனா. பக்கத்தைப் புரட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வீரபத்திரன் அடையாளமாக வைத்திருந்த விபூதிப் பொட்டலம் வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் ஒரு விரல் கனம் மிச்சம் இருந்தது. அவள் பொட்டலத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இதுவரைக்கும்தானே கேட்ட?"

"ஆங். கேதாரன் அந்தப் பேரையும் மறந்துருவானா? அதை மட்டுமாவது சொல்லு."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து மிச்சத்தைப் படித்தாள். முடித்தபின் வெகுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தாள். அந்த முதுகைப் பார்த்து அவனால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் அவளே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். அவன் கடையைத் தாண்டி நேராகப் போய், திருப்பதி பஸ் கண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்தாள். அனுராதா வீட்டு முகவரியை இரண்டு தடவை சொன்னாள். பஸ் புறப்பட்டது. பரசுராமனும் வீரபத்திரனும் அவரவர் கடை வாசலில் நின்று, அது அரக்கோணம் ரோட்டுப் பஸ்களின் இடுக்கில் நுழைந்து வெளியேறுவதைப் பார்த்தார்கள்.

"இன்னும் ஒரு மத்தியானம் குடுத்திருந்தா முடிச்சிருப்பேன்," என்றார் வீரபத்திரன். "நடுவுல உங்க வூட்டுச் சண்டைல எனக்குத் தூக்கம் போச்சு. அவன் மறந்தானா இல்லையாடா?"

"கேட்டுச் சொல்றேன் ணா."

"எங்க சொல்லப் போற."

கல்பனா கடை வாசலுக்கு வந்து நின்றாள்.

"முதல் ரெண்டு பாகம் வூட்லதான் இருக்குது," என்றாள். "வேணும்னா ஒழுங்கா உட்கார்ந்து கேளு. நடுவுல டயரு கியரு பேசக்கூடாது. ரெண்டும் முடிஞ்சாதான் அனுகிட்ட மூணாவதைத் திரும்பக் கேப்பேன்."

"நீ முன்னாடியே முடிச்சிட்டியே. எனக்காகத் திரும்பப் படிப்பியா?"

"உனக்காகன்னு யாரு சொன்னது?"

அன்று மாலை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தான். அவள் கட்டிலில் சாய்ந்து முதல் பாகத்தைத் திறந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து கட்டில் விளிம்பில் தலை வைத்துக்கொண்டான். உப்பு நாட்டில் விடிந்தது. துறைமுகத்தில் ஆட்கள் வந்தார்கள், விலை பேசினார்கள், போனார்கள். கல்பனா நிதானமாக, கணீரென்று படித்துக்கொண்டே போனாள். கூட்டத்தின் கடைசியில் ஒருவன் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். அவன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் குரல் இறங்கியது. நடுக்கூடத்தில் திடீரென எதிர்ப்பட்ட பழகிய ஆளைக் கண்டதுபோல் ஒரு மூச்சு தாமதித்து, அப்புறம்தான் சொன்னாள்.

பரசுராமன் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா?" என்றாள் அவள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல. படி."