வலது பெடல் சொன்ன கணக்கு

ஓடினான். சரிவெல்லாம் சேறு. முள் முழங்கையைக் கிழித்தது. செருப்பு ஒன்று எங்கோ போனது. கீழே, கற்களுக்கு நடுவே சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் தங்கை.

"ஏய் சுண்டெலி! அசையாதே! கழுத்தைத் திருப்பாதே!"

"கத்தாதண்ணா, உயிரோடதான் இருக்கேன். முதல்ல வண்டியைப் பாரு."

"வண்டி கிடக்குது சனியன்."

அவளைத் தூக்கி நிறுத்தினான். வலது முழங்காலில் ரத்தம். போன வாரமும் இதே பக்கம்தான் விழுந்தாள். இருவரும் அந்தக் காலைப் பார்த்தார்கள்.

அப்பாவுக்கும் வலது காலில்தான் ஆரம்பித்தது. அப்புறம் கை, அப்புறம் நாக்கு, கடைசியில் மூச்சு. பிள்ளைகளுக்கும் வரலாம், ரத்தம் கொடுங்கள், பார்த்துச் சொல்லிவிடுகிறேன் என்றார் டாக்டர். அண்ணனும் கொடுக்கவில்லை, தங்கையும் கொடுக்கவில்லை. கேட்டால் ஆளுக்கொரு சாக்கு.

மலையடிவாரத்தில் தகரக் கூரை போட்ட ரிப்பேர் கடை. அவன் மெக்கானிக், அவள் மலைப்பாதைப் பந்தயக்காரி. மேஜைமேல் இரண்டு அட்டைப்பெட்டிகள். இரண்டிலும் மிதிக்கும் பலத்தை அளக்கும் பெடல்கள். பயிற்சியாளரம்மா காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "எதையாவது ஒண்ணை மாட்டு. அளவைப் பார்க்காம உன் தங்கச்சியை அணியில எடுக்க மாட்டேன். சும்மா சும்மா விழுறா."

சுண்டெலி ஒரு பெட்டியை முன்னால் தள்ளினாள். "இது போதும்ணா. இடது பெடல்ல மட்டும்தான் மீட்டர். பாறையில இடிச்சாலும் நஷ்டம் ஒண்ணோட போகும்."

"இடது காலை அளந்து, அதையே ரெண்டால பெருக்கிக் காட்டுற சாமான் இது. வலது கால் குறட்டை விட்டுத் தூங்கினாலும் இதுக்குத் தெரியாது."

"தெரியும். அதனாலதான் கேக்குறேன்."

அவன் கை அந்தப் பெட்டியிடம் போனது உண்மை. தெரியாமலே இருந்துவிடலாமே என்று அவனுக்கும் ஆசைதான். ஆனால் பந்தயப் பாதையின் மேல் வளைவு கண்முன் வந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். அந்த இடத்தில் கால் கைவிட்டால் பொறுக்கி எடுக்க எலும்புகூட மிஞ்சாது.

"ரெண்டு பக்கமும் அளக்குறதைத்தான் மாட்டப் போறேன்."

"பாறையில இடிச்சா?"

"இதுல அளக்குற மூளை அச்சுக்குள்ள இருக்கு. வெளி உடம்பு நசுங்கினாலும் மூளை பிழைச்சுக்கும்."

"அப்பா மாதிரின்னு சொல்லு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. கடைசி நாள்வரை அப்பாவின் கண் மட்டும் எல்லாம் புரிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"போ, காலைக் கழுவிட்டு வா. மேலெல்லாம் சேறு, எருமை மாதிரி இருக்கே."

அவள் போனதும் சைக்கிளை உருளை ஸ்டாண்டில் ஏற்றினான். பெடல்களை முறுக்கினான், கைப்பிடியில் இருந்த கருவியோடு இணைத்தான். புதுப் பெடல் மாட்டிய கையோடு சரியான அளவு காட்டாது. நாலைந்து தடவை ஓங்கி மிதித்து மரையை இறுக்கிவிட்டு, மறுபடி பூஜ்யத்தில் வைக்க வேண்டும். அந்தச் சடங்கையும் முடித்து, சரிபார்க்க ஒரு நிமிஷம் மிதித்தும் பார்த்தான். கருவி தன் பாட்டுக்குப் பதிவு செய்து பயிற்சியாளரம்மாவின் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

சுண்டெலி வந்தாள். மார்பில் இதயத்துடிப்புப் பட்டையைக் கட்டினாள், ஏறினாள், பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். வியர்வை கைப்பிடியில் சொட்டியது. அவள் முடிக்கும்போது பயிற்சியாளரம்மா போனும் கையுமாக உள்ளே வந்தார். முகம் சரியில்லை.

"நூத்துக்கு இடது அறுபத்தொண்ணு, வலது முப்பத்தொம்பது. என்னம்மா இது? பாதி ஆளா மிதிச்சிருக்கே!"

சுண்டெலி இறங்கினாள். அப்படியே சிமென்ட் தரையில் உட்கார்ந்தாள். "வந்துருச்சுண்ணா" என்றாள், சின்னக் குரலில்.

அவன் அவள் தலையில் கை வைத்தான்.

"இரு, இரு," என்றார் பயிற்சியாளரம்மா. விரல் திரையைத் தள்ளியது. "கீழே இன்னொரு பதிவு இருக்கே. இதுல அம்பதுக்கு அம்பது. தராசு மாதிரி நிக்குது. ஒரே காலு எப்படி ரெண்டு கணக்கு காட்டும்? பெடல் கோளாறா?"

சுண்டெலி பாய்ந்து போனைப் பிடுங்கினாள். மாற்றி மாற்றிப் பார்த்தாள். "மேடம், இந்த அம்பதுலதான் இதயத்துடிப்பு ஓடுது. அந்த அறுபத்தொண்ணுல துடிப்பே இல்ல."

"அதனால?"

"பட்டை என் நெஞ்சுலதானே இருக்கு! துடிப்பு இருக்கிறதுதான் நான். எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்! அவசரத்துல விழுந்திருக்கேன், அவ்வளவுதான்! அண்ணா, எனக்கு ஒண்ணுமில்லடா!"

அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், அவன் முதுகில் குத்தினாள். அவன் மரம்போல நின்றான். முதலில் அவள் சிரிப்பு நின்றது. பிறகு கை தளர்ந்தது.

"அண்ணா... நான் ஏறுறதுக்கு முன்னாடி யாரு மிதிச்சா?"

"மரை இறுக்கணும்ல," என்றான் அவன்.

அவள் கண் மெல்லக் கீழே இறங்கியது. அவன் இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால், சேறு காய்ந்து வெடித்திருந்தது. சரிவிலிருந்து கடைவரை அப்படியேதான் நடந்து வந்திருக்கிறான். இப்போது அவள் பார்ப்பதைப் பார்த்துத்தான் அவனும் குனிந்து பார்த்தான்.

அப்பாவுக்கும் முதலில் வலது செருப்புதான் கழன்று விழுந்தது. விழுந்ததே தெரியாமல் வீடுவரை நடந்து வந்தார்.