தட்டின் சிவப்புப் பக்கம்

காலை ஐந்தரை மணிக்கு நிற்க ஆரம்பித்தவள் நான். பதினொன்றரைக்கெல்லாம் இரண்டு கால்களும் கெஞ்சின. எங்கள் ரயில் நிலையம் தூண்களின் மேல், நாலு மாடி உயரத்தில் இருக்கிறது. லிஃப்ட் பழுதாகி மூன்று வாரம். எழுபத்தெட்டுப் படி ஏறி வருகிறவர்கள், லிஃப்டை நானே கழற்றி ஒளித்து வைத்த மாதிரி முறைப்பார்கள். முறைக்கட்டும்.

ரயில் நின்று ஆட்கள் ஏறி இறங்கியதும், கதவில் பையோ துணியோ மாட்டவில்லை என்று பார்த்து, பிடி வைத்த வட்டத் தட்டை ஓட்டுநருக்குத் தூக்கிக் காட்டுவது என் வேலை. தட்டின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. பச்சையைப் பார்த்தால்தான் அவர் வண்டியை எடுக்க வேண்டும்.

அந்த ஓட்டுநர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர். எனக்குக் காலை ஷிஃப்ட், அவருக்குப் பகல் ஷிஃப்ட். வார விடுமுறைகூட ஆளுக்கொரு நாள். ஒன்பது வருஷமாக எங்கள் குடித்தனம் நடப்பது இந்த நடைமேடையில், ரயில் நிற்கிற இருபத்தைந்து நொடியில்தான். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று பேசி முடிக்க எங்களுக்கு நாலு ரயில் ஆயிற்று.

மூன்று மாதமாக மனுஷன் புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பித்திருந்தார். "கிட்ட வந்து நில்லேன்." இந்த வயதில் என்ன கொஞ்சல் என்று திட்டினேனே தவிர, உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனேன். வெட்கங்கெட்டு அவர் ஜன்னலோரம் போய் நிற்பேன்.

அன்று ஒரு ரயிலுக்கு, அசதியில் தட்டைத் திருப்பிப் பிடித்துவிட்டேன். அந்த ஓட்டுநர் ஹாரன் அடித்து, தூங்குறியாக்கா என்று சிரித்தார். மானம் போயிற்று. அடுத்தது என் வீட்டுக்காரரின் ரயில். முன்பக்கம் ஒரே கூட்டம். நான் தூணருகிலேயே நின்று தட்டைத் தூக்கினேன். கதவு மூடும் மணி அடித்தது, ரயில் போய்விட்டது. கையை இறக்கப் போனவள் பார்த்தேன், பச்சை என் பக்கம் இருந்தது. அவருக்கு நான் காட்டியது சிவப்பு.

ஒரு காலில் நீலக் காலுறை, மறுகாலில் கறுப்பு என்று அவர் வேலைக்கு வந்ததும், போனில் வரும் செய்தியையெல்லாம் மகளைப் படிக்கச் சொன்னதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவர் ரயில் ஒரு சுற்றுப் போய்த் திரும்ப ஐம்பது நிமிஷம். இடையில் வந்த ரயில்களுக்கெல்லாம் தட்டை இரண்டு தரம் பார்த்துப் பார்த்துத் தூக்கினேன்.

அவர் திரும்பி வந்ததும் ஜன்னலுக்குப் போனேன்.

"போன தடவை நான் என்ன காட்டினேன்?"

"எப்பவும் காட்டுறதுதான்."

"சிவப்பு காட்டினேங்க."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கண்ணு மங்குது. மகள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம்தானே? மணி அடிச்சா எடுக்குறேன், பழக்கமாயிடுச்சு. நீ கிட்ட நின்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

கொஞ்சலாவது மண்ணாவது. எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்துகொண்டது. தூணருகே திரும்பிப் போய், சிவப்பைத் தூக்கிப் பிடித்தேன். இந்த முறை தெரிந்தே பிடித்தேன். மணி அடித்தது. ரயில் நகரவில்லை. நிறம் தெரியாவிட்டாலும் என் கோபம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"திருப்பும்மா," என்றார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

நான் திருப்பவில்லை. மறுகையில் வாக்கி-டாக்கியை எடுத்து, ஓட்டுநருக்குப் பார்வை சரியில்லை, மாற்று ஆள் அனுப்புங்கள் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன். எந்த ஓட்டுநர் என்று கேட்டார்கள். வண்டி எண்ணைச் சொன்னேன்.

மாற்று ஓட்டுநர் வர இருபது நிமிஷமாயிற்று. அதுவரை வண்டி நிறைய உச்சுக் கொட்டல். ரயில் கிளம்பிப் போனதும் நடைமேடை வெறிச்சென்று ஆனது. அவர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேலை நேரத்தில் நான் உட்காரக் கூடாது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கிட்ட வா," என்றார்.